கண்காணிப்பும் அணுகல் கட்டுப்பாடும் ஒரே மேசையில்: இந்தப் பணியை ஏற்கலாமா?

தரமணி_இரவுநேரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு சேவை நிறுவனத்தின் வலையமைப்புக் கண்காணிப்பு மையத்தில் முதல்நிலைப் பொறியாளராகச் சில ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவரின் கிளைகளில் உள்ள ரவுட்டர்களும் சுவிட்சுகளும் இயங்குகின்றனவா, இணைப்புகளில் பாக்கெட் (தரவுத் துண்டு) இழப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும், திரையில் ஏதேனும் சிவப்பானால் டிக்கெட் (பணிப் பதிவு) திறந்து தொலைத்தொடர்பு நிறுவனத்தை அழைப்பதும், விடிந்ததும் அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைப்பதும்தான் என் வேலை.

இப்போது நடுத்தர அளவுள்ள ஒரு நிதி நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. பதவியின் பெயர் வலையமைப்புக் கண்காணிப்பு மற்றும் அணுகல் கட்டுப்பாட்டு ஆய்வாளர். ஃபயர்வால் (வலையமைப்பின் காவல் வாயில்), விபிஎன் (வெளியிலிருந்து உள்ளே வரும் பாதுகாப்பான இணைப்பு), டொமைன் கன்ட்ரோலர் (பயனர் கணக்குகளைச் சரிபார்க்கும் மைய சர்வர்) ஆகியவற்றின் பதிவுகளை ஆராய வேண்டும். புதிதாகச் சேர்பவர்களுக்குக் கணக்குத் திறக்க வேண்டும். விலகுபவர்களின் கணக்கை மூட வேண்டும். காலாண்டுதோறும் யாருக்கு என்ன உரிமை இருக்கிறது என்ற மறுஆய்வையும் நடத்த வேண்டும்.

முதற்சுற்று நேர்காணலில் அவர்களே ஒரு கேள்வி கேட்டார்கள். 'புதிதாக ஒரு நிர்வாகிக் கணக்கு உருவானால் அதைப் பற்றிய எச்சரிக்கை உங்கள் திரைக்குத்தான் வரும். அந்தக் கணக்கை உருவாக்கியவரும் நீங்களே என்றால் என்ன செய்வீர்கள்?' ஒப்புதல் பெற்ற டிக்கெட்டின் எண்ணை எச்சரிக்கையோடு இணைத்து மூடுவேன் என்றேன். அவர்கள் அதை மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. இரண்டாம் சுற்றில் விரிவாகப் பேசலாம் என்று முடித்துக்கொண்டார்கள்.

இந்த இரண்டு வேலைகளும் ஒருவரிடம் இருப்பது சரிதானா? அன்றாடத்தில் அந்தப் பணி எப்படி இருக்கும்? அனுபவம் உள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

---

பழைய_ஃபயர்வால் எழுதியது:

தம்பி, உங்கள் இரண்டாம் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான விடை அதற்குள்தான் இருக்கிறது.

இதுவரை நீங்கள் ஒரு கருவி இயங்குகிறதா என்று பார்த்தீர்கள். இனி, இயங்குகின்ற ஒன்று அங்கே இருக்கத் தகுந்ததா என்று பார்க்க வேண்டும். கணக்குப் பிரிவின் சர்வரிலிருந்து இரவு இரண்டு மணிக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு தரவு வெளியே போகிறது என்று வைத்துக்கொள்வோம். நெட்ஃப்ளோ என்ற தரவுப் போக்குவரத்து வரைபடத்தில் அது ஒரு மேடாகத் தெரியும். கண்காணிப்பு மையத்தில் இருப்பவர் இணைப்பு நிரம்பிவிட்டதா என்று பார்ப்பார். நிரம்பவில்லை என்றால் அத்தோடு விட்டுவிடுவார். அந்த சர்வரில் எந்தச் சேவைக் கணக்கு (ஆளுக்கன்றி மென்பொருளுக்காகத் திறந்த கணக்கு) ஓடுகிறது, அது எந்த முகவரிகளோடு பேச அனுமதி பெற்றது, மாதக் கடைசியில் காப்புப்பிரதி எத்தனை மணிக்கு எங்கே போகிறது என்பதெல்லாம் அணுகல் உரிமைகளின் ஏட்டைப் பராமரிப்பவருக்குத்தான் தெரியும். அதைத் தெரிந்தவர் பார்க்கும்போதுதான் அந்த மேடு காப்புப்பிரதியா திருட்டா என்று பிரித்தறிய முடியும்.

இதற்கு நான் எப்போதும் காட்டும் சான்று 2020 டிசம்பரில் வெளிவந்த, சோலார்விண்ட்ஸ் என்ற வலையமைப்பு மேலாண்மை மென்பொருள் நிறுவனத்தின் வழியாக நடந்த ஊடுருவல். அமெரிக்க அரசுத் துறைகள் பலவற்றுக்குள் புகுந்திருந்த அந்தக் கூட்டத்தை முதலில் பிடித்தது ஃபயர்ஐ என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனம். பிடித்த விதத்தைப் பாருங்கள். ஊழியர் ஒருவரின் பெயரில் இரண்டாவதாக ஒரு கைப்பேசி, இரட்டைச் சரிபார்ப்புக்காகப் பதிவாகியிருந்தது. 'இது உங்களுடையதா' என்று அவரிடம் கேட்டார்கள். அவர் இல்லை என்றார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான், சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் இறக்கிக்கொண்ட ஒரு மென்பொருள் புதுப்பிப்பிலேயே நஞ்சு கலந்திருந்தது தெரியவந்தது. ஒருவர் புதிய கைப்பேசி வாங்குவது எங்கும் அன்றாடம் நடப்பது. பெரும்பாலான இடங்களில் அந்த எச்சரிக்கையைக் கேள்வி கேட்காமல் மூடிவிடுவார்கள்.

ஆகவே அறிவு ஒரே இடத்தில் இருப்பது நல்லது. அதிகாரம் ஒரே இடத்தில் இருப்பதுதான் சிக்கல். விண்டோஸ் டொமைனில் புதிய கணக்கு உருவானால் 4720, பாதுகாப்புக் குழுவில் ஒருவரைச் சேர்த்தால் குழுவின் வகைக்கேற்ப 4728, 4732, 4756, பாதுகாப்புப் பதிவேட்டையே துடைத்தால் 1102 என்ற எண்களில் நிகழ்வுகள் பதிவாகும். இவை உங்கள் திரைக்கு மட்டும் வந்தால் நீங்கள் நேர்மையானவர் என்பதற்கு உங்கள் வாக்கைத் தவிர வேறு சான்று இராது. உங்களால் அழிக்க முடியாத ஒரு பதிவுக் களஞ்சியத்துக்கும், உங்களுக்குக் கீழ் இல்லாத ஒருவரின் அஞ்சலுக்கும் அவை நேராகப் போக வேண்டும். நேர்காணலில் நீங்கள் கூறிய டிக்கெட் எண் தேவைதான். ஆனால் அந்த டிக்கெட்டை மூடுபவர் நீங்களாக இருக்கக் கூடாது. அவர்கள் எதிர்பார்த்தது இந்த இரண்டாம் பாதியாக இருக்கலாம்.

---

ஏட்டுத்தணிக்கை எழுதியது:

பழைய_ஃபயர்வால் ஐயா கூறியதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் தகவல் தொழில்நுட்பப் பிரிவிலேயே நான்கைந்து பேர் மட்டும் இருக்கும் நிறுவனத்தில் 'உங்களுக்குக் கீழ் இல்லாத ஒருவர்' என்று யாரைத் தேடுவது? கிளை நிர்வாகத்தைப் பார்ப்பவருக்கு 4732 என்றால் என்னவென்று தெரியாது. அஞ்சல் போகும், எவரும் திறக்க மாட்டார்கள். நான் தணிக்கைக்குச் செல்லும் இடங்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

என் கருத்தில் இந்தப் பணியின் கடினமான பகுதி திரையைப் பார்ப்பதன்று, அந்த மறுஆய்வுதான். அது எப்படி நடக்கிறது என்று கூறுகிறேன். காலாண்டு முடிவில் துறைத் தலைவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எக்செல் கோப்பு போகும். பெயர், கணக்கு, குழுவின் குறியீடு, கடைசியில் 'தொடரலாம் அல்லது நீக்கலாம்' என்று ஒரு நிரல். அவர் முதல் கட்டத்தில் 'தொடரலாம்' என்று தட்டச்சு செய்து, கட்டத்தின் வலது கீழ் மூலையைச் சுட்டியால் பிடித்து, கோப்பின் அடிவரை ஒரே இழுப்பாக இழுத்துவிடுவார். வேலையை விட்டுப் போனவரின் பெயரும் அதில் இருக்கும்; சில கோப்புகளில் ஒப்புதல் அளிப்பவருக்கு முன்பு அதே நாற்காலியில் இருந்தவரின் பெயர்கூட 'தொடரலாம்' என்று வந்து சேரும். கையொப்பம், தேதி, முத்திரை அனைத்தும் சரியாக இருக்கும். தணிக்கையாளரிடம் காட்டக் கோப்பு இருக்கிறது, ஆய்வு நடக்கவில்லை.

இதைத் துறைத் தலைவரின் சோம்பல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஒரு குழுவின் பெயர் எழுத்தும் எண்ணும் அடிக்கோடுமாக இருந்தால் அது எதைத் திறக்கும் சாவி என்று அவருக்கு எப்படித் தெரியும்? 'கடன் கணக்கில் வட்டி விகிதத்தை மாற்றலாம்' என்று ஒரு வரியில் எழுதி அனுப்பிப் பாருங்கள். அவரே பதறி நீக்கச் சொல்வார். அருகில் கடைசியாக நுழைந்த நாளையும் தாருங்கள். அந்த நாளை எடுக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: டொமைன் முழுவதற்கும் பொதுவாகக் கிடைக்கும் கடைசி நுழைவு மதிப்பு, இயல்பான அமைப்பில் ஏறத்தாழ இரண்டு வாரம்வரை பின்தங்கியிருக்கும். பத்து நாளாக நுழையவில்லை என்று அதை வைத்து எவரிடமும் வாதிடாதீர்கள்.

விலகுபவர்களைவிட இடம் மாறுபவர்களால்தான் தொல்லை அதிகம். கடன் பிரிவில் இருந்தவர் வசூலுக்குப் போகிறார், பிறகு கணக்குப் பிரிவுக்கு வருகிறார். ஒவ்வோர் இடத்திலும் புதிய உரிமையைக் கேட்டு வாங்குகிறார். பழையதைத் திருப்பிக் கொடுக்க எவரும் கேட்பதில்லை. கடைசியில் பணம் பெறுபவரைப் பதிவு செய்யவும், அவருக்குப் பணம் அனுப்ப ஒப்புதல் தரவும் ஒரே ஆளால் முடிகிறது. எந்த எச்சரிக்கையும் ஒலிக்காது. ஏனெனில் ஒவ்வோர் உரிமையும் முறையாக வழங்கப்பட்டதுதான்.

நீங்கள் சேரவிருப்பது நிதி நிறுவனம் என்பதால் இன்னும் சில. ரிசர்வ் வங்கி 2023 நவம்பரில் வெளியிட்டு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்ப ஆளுகை நெறிமுறைகள், அவ்வங்கியின் வகைப்பாட்டில் அடித்தட்டு அடுக்கில் உள்ளவை நீங்கலாகப் பிற வங்கிசாரா நிதி நிறுவனங்களுக்கும் பொருந்தும். முக்கிய அமைப்புகளில் உயர் உரிமை பெற்ற பயனர்களுக்குப் பல்காரணிச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்பது) கட்டாயம் என்பது அதில் உண்டு. இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணைப்படி, குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். கருவிகளின் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு, அல்லது அவற்றோடு ஒத்திசைந்த சர்வரோடு பொருத்த வேண்டும். கடைசியாகக் கூறியதைப் பலர் சடங்காக நினைக்கிறார்கள். விபிஎன் கருவியும் டொமைன் கன்ட்ரோலரும் ஐந்து நிமிடம் வேறுபட்டால், நுழைந்த பிறகு திருடினானா, திருடிய பிறகு நுழைந்தானா என்றே உங்களால் அறிக்கை எழுத முடியாது.

---

தரமணி_இரவுநேரம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. எக்செல் கோப்பை இழுத்துவிடும் காட்சி எங்கள் அலுவலகத்திலும் உண்டு. இங்கே அதைப் பெறுபவர் பக்கத்து மேசைக்காரர்.

இன்னொரு ஐயம். அணுகல் கட்டுப்பாடு என்று பெயர் இருந்தாலும், நாள் முழுவதும் 'என் கணக்கு பூட்டிக்கொண்டது, திறந்துவிடுங்கள்' என்ற அழைப்புகளுக்குப் பதில் சொல்வதாகத்தான் முடியும் என்று நண்பர்கள் அச்சுறுத்துகிறார்கள். அப்படியானால் இப்போது இருக்கும் இடமே மேல் அல்லவா?

---

நொய்யல்_லாக் எழுதியது:

தம்பி, கோவையில் இதே பணியில் இருக்கிறேன். உங்கள் நண்பர்கள் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். பூட்டிக்கொண்ட கணக்குகள் நிறைய வரும். ஆனால் அவற்றைத் திறந்துவிடுவது வேலையன்று. ஏன் பூட்டியது என்று கண்டறிவதுதான் வேலை. திறந்துவிடுவதை உதவி மேசையே செய்துவிடும்.

ஒரு கணக்கு பூட்டப்பட்டால் டொமைன் கன்ட்ரோலரில் 4740 பதிவாகும். அதற்குள் எந்தக் கணினியிலிருந்து தவறான முயற்சிகள் வந்தன என்ற வரி இருக்கும். முதலில் அதைப் படிக்க வேண்டும். பயனரின் சொந்த மடிக்கணினியின் பெயர் இருந்தால், அவர் அண்மையில் கடவுச்சொல்லை மாற்றினாரா என்று கேளுங்கள். பெரும்பாலும் பழைய கடவுச்சொல் சேமிக்கப்பட்ட பகிர்வுக் கோப்புறையோ, அச்சுப்பொறி இணைப்போ, நேர அட்டவணைப் பணியோ பின்னணியில் முட்டிக்கொண்டிருக்கும். மின்னஞ்சல் சர்வரின் பெயர் இருந்தால் அவருடைய கைப்பேசியைப் பாருங்கள். பெயரே இல்லாமல் வெறுமையாக இருந்தால், அல்லது உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு பெயர் இருந்தால், அப்போதுதான் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். அங்கிருந்து விபிஎன் பதிவுக்கும் ஃபயர்வால் பதிவுக்கும் போய் அதே நிமிடத்தைத் தேடுவேன்.

நான் அதிகம் கவலைப்படுவது பூட்டிக்கொள்ளாத கணக்குகளைப் பற்றி. ஐந்து முறை தவறினால் பூட்டு என்று விதி வைத்திருக்கிறோம் அல்லவா, தாக்குபவருக்கும் அது தெரியும். எனவே அவர் ஒரு கணக்கில் நூறு கடவுச்சொல்லை முயல்வதில்லை. பலரும் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரே ஒரு கடவுச்சொல்லை எடுத்து, நிறுவனத்தின் பெயரோடு ஆண்டையும் ஒரு குறியையும் சேர்த்தால் வருமே, அதுபோன்ற ஒன்றை, நூறு கணக்குகளில் தலா ஒரு முறை முயல்கிறார். எந்தக் கணக்கும் பூட்டிக்கொள்ளாது. ஒவ்வொரு பயனரையும் தனித்தனியாகப் பார்த்தால் காலையில் கைதவறி ஒருமுறை தட்டியதுபோல் தோன்றும். 4625 என்ற நுழைவுத் தோல்வி நிகழ்வையும், டொமைனின் நுழைவுச் சரிபார்ப்பு முறையான கெர்பரோஸின் முன்சரிபார்ப்புத் தோல்வியான 4771ஐயும், கணக்கின்படி கூட்டாமல் மூல முகவரியின்படி கூட்டி, ஒரே முகவரியிலிருந்து எத்தனை வெவ்வேறு பெயர்கள் தவறின என்று எண்ண வேண்டும். இதுவும் முழுத் தீர்வாகாது. பொறுமையுள்ளவர் முகவரியையும் மாற்றிக்கொண்டே வருவார். அப்போது அந்த நேரத்துக்குரிய வழக்கமான தோல்வி எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டியிருக்கும். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு நூறு தோல்வி என்றால் வார விடுமுறைக்குப் பின் கடவுச்சொல்லை மறந்து வந்தவர்கள். ஞாயிறு விடியற்காலை மூன்று மணிக்கு இருபது தோல்வி என்றால் அது வேறு கதை.

கம்பிவழி வலையமைப்பில் ஒரு மூலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். 802.1எக்ஸ் (கருவியைச் சரிபார்த்த பிறகே வலையமைப்பில் சேர்க்கும் முறை) வைத்திருக்கிறோம், சான்றிதழ் இல்லாத கருவி உள்ளே வராது என்று பெருமையாகச் சொல்வார்கள். அச்சுப்பொறியும் சிசிடிவி கேமராவும் எப்படி உள்ளே வருகின்றன என்று கேளுங்கள். அவற்றில் பலவற்றுக்கு அந்த வசதி இராது, இருந்தாலும் எவரும் அமைத்திருக்க மாட்டார்கள். எனவே வன்பொருள் முகவரியை மட்டும் பார்த்து உள்ளே விடும் விதிவிலக்கு இருக்கும். அந்த முகவரி பல அச்சுப்பொறிகளின் பின்புற ஒட்டுச்சீட்டிலேயே அச்சாகியிருக்கும். அதைத் தன் மடிக்கணினிக்குச் சூட்டிக்கொண்டு சுவரில் உள்ள அதே சாக்கெட்டில் இணைத்தால் எவரும் அச்சுப்பொறி ஆகிவிடலாம். இதைச் சுவிட்சின் பதிவில் கண்டுபிடிக்க முடியாது. ஓர் அச்சுப்பொறி தானாக முன்வந்து ஒரு சர்வரின் 3389ஆம் போர்ட்டை, அதாவது தொலைநிலை மேசைத்தளத்தை, ஏன் தட்டுகிறது என்று ஃபயர்வால் பதிவைப் பார்ப்பவருக்குத் தோன்ற வேண்டும். விதிவிலக்குப் பட்டியலை வைத்திருப்பவரே ஃபயர்வாலையும் பார்த்தால் இது தோன்றும். வேறு வேறு ஆட்கள் என்றால் தோன்றாது. பழைய_ஃபயர்வால் ஐயா கூறியதற்கு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

---

வெள்ளவத்தை_வாசி எழுதியது:

கொழும்பிலிருந்து எழுதுகிறேன். அச்சுப்பொறி என்றதும் எங்கள் துறையில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பங்களாதேஷ் மத்திய வங்கிச் சம்பவம்தான். அதில் ஒரு கிளை எங்கள் நாட்டிலும் முடிந்தது என்பதால் இங்கே அது இன்றும் பேசப்படுகிறது.

2016 பெப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு, அவ்வங்கியின் ஸ்விஃப்ட் (வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றச் செய்திகளை அனுப்பும் வலையமைப்பு) முனையத்தைக் கைப்பற்றியவர்கள் நியூயோர்க் பெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்த அதன் கணக்கிலிருந்து ஏறத்தாழ 951 மில்லியன் டொலரை மாற்றும்படி 35 கட்டளைகளை அனுப்பினார்கள். அவற்றுள் ஐந்து நிறைவேறின. 101 மில்லியன் டொலர் வெளியேறியது. அதில் 20 மில்லியன் இலங்கையில் உள்ள ஒரு கணக்குக்கு வந்தது. பெறுநரின் பெயரில் இருந்த எழுத்துப்பிழையைக் கண்ட இடைநிலை வங்கி விளக்கம் கேட்டதால் அந்தத் தொகை தடுக்கப்பட்டுத் திரும்பிப் போனது. மற்ற 81 மில்லியன் பிலிப்பைன்சுக்குப் போய்ச் சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. சிறுபகுதிதான் பின்னர் மீண்டது.

ஒவ்வொரு பரிமாற்றத்துக்குமான உறுதிச் செய்தியைத் தானாக அச்சிடும் ஒரு பிரிண்டர் அந்த அறையில் இருந்தது. தாக்கியவர்கள் அதனை முடக்கியிருந்தார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை, அங்கே வார விடுமுறை; கடமைக்கு வந்த உத்தியோகத்தர் பிரிண்டர் வேலை செய்யாததைக் கண்டார். முன்பும் இப்படிப் பழுதாகியிருந்ததால் அதையும் அப்படிப்பட்ட ஒரு பழுது என்றே கொண்டார்கள். அவர்கள் நிலைமையை உணர்ந்து நியூயோர்க்குடன் தொடர்புகொள்ள முயன்றபோது அங்கே வார இறுதி வந்துவிட்டது. திங்கட்கிழமை பிலிப்பைன்சில் சீனப் புத்தாண்டு விடுமுறை.

இழையைத் தொடங்கியவரிடம் ஒன்று கேட்கிறேன். அன்று அந்த அறையின் கண்காணிப்பு உங்களிடம் இருந்திருந்தால் என்ன டிக்கெட் திறந்திருப்பீர்கள்? 'பிரிண்டர் இயங்கவில்லை, முன்னுரிமை குறைவு' என்றுதானே? அந்தப் பிரிண்டர் ஒரு கட்டுப்பாட்டின் உறுப்பு என்று தெரிந்தவர் அதே பழுதை முதல் முன்னுரிமையில் பதிந்திருப்பார். அதனால் இந்தப் பதவியில் இரண்டையும் சேர்த்திருப்பது குறையென்று எனக்குத் தோன்றவில்லை.

---

பழைய_ஃபயர்வால் எழுதியது:

வெள்ளவத்தை நண்பர் கூறியதற்கு நம் பக்கத்திலேயே ஒரு தொடர்ச்சி உண்டு. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2018 பிப்ரவரியில், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் ஸ்விஃப்ட் அமைப்பிலிருந்து ஏறத்தாழ 20 லட்சம் டாலர் மதிப்புள்ள மூன்று போலிப் பரிமாற்றங்கள் அனுப்பப்பட்டன. அங்கும் பிரிண்டர் முடக்கப்பட்டிருந்தது என்று செய்திகள் வந்தன. ஆனால் மறுநாள் காலைக் கணக்கு ஒத்திசைவிலேயே வங்கி அதைக் கண்டுபிடித்து, துபாய்க்குப் போகவிருந்த ஒரு தொகையை உடனே தடுத்துவிட்டது. நாள்தோறும் தவறாமல் செய்யும் சலிப்பான ஒத்திசைவு வேலைக்கு அந்த ஒரு காலையில் கிடைத்த பயன் அது.

இனி, தரமணியில் இருக்கும் தம்பிக்கு நேரடியாகப் பொருந்தும் ஒன்றைக் கூறுகிறேன். 2013 இறுதியில் அமெரிக்காவின் டார்கெட் சில்லறை வணிக நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 4 கோடி அட்டைகளின் விவரம் திருடப்பட்டது. குளிர்சாதனப் பணிகளைச் செய்துவந்த வெளி ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் கணக்கு வழியாக உள்ளே நுழைந்தார்கள் என்பது பரவலாகத் தெரிந்த செய்தி. டார்கெட்டின் கண்காணிப்புக் குழு பெங்களூரில் இருந்தது. நவம்பர் 30 அன்று தீம்பொருள் எச்சரிக்கையைப் பார்த்து மினியாபொலிசில் உள்ள தலைமையகத்துக்குத் தெரிவித்தது என்று பிற்பாடு வந்த புலனாய்வுச் செய்தி கூறியது. தலைமையகம் அப்போது அதன்மீது நடவடிக்கை எடுக்கவில்லை. டிசம்பர் நடுவில் அமெரிக்க நீதித்துறை சொல்லித்தான் விழித்துக்கொண்டார்கள்.

பெங்களூரில் இருந்தவர்களுக்குக் கண் இருந்தது, கை இல்லை. நம் ஊரின் கண்காணிப்பு மையங்கள் பெரும்பாலும் இப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் பார்க்கலாம், எழுதலாம், அழைக்கலாம். ஒரு கணக்கை நிறுத்த உங்களால் முடியாது. நேர்காணலில் கேட்ட கேள்விக்கு நான் கொடுக்கும் விடை இப்போது இன்னும் கூர்மையாகிறது. கண்காணிப்பவருக்கு உரிமையைக் கொடுக்கும் அதிகாரம் வேண்டாம். நிறுத்தி வைக்கும் அதிகாரம் கட்டாயம் வேண்டும். கொடுப்பது உதவி மேசையிடமோ மேலாளரிடமோ இருக்கட்டும், அதற்கு அவசரமும் இராது. நிறுத்துவதற்குத்தான் நேரம் போதாது. ஏட்டுத்தணிக்கை அவர்கள் கேட்ட 'நான்கைந்து பேர் மட்டும் இருக்கும் இடத்தில் எப்படிப் பிரிப்பது' என்பதற்கும் இந்தப் பிரிவினை போதும் என்று நினைக்கிறேன். கணக்குத் திறப்பவரும் பார்ப்பவரும் என இரண்டு பேர் இருந்தாலே நடத்திவிடலாம்.

---

ரூட்பாஸ்வேர்ட்_மறந்தவன் எழுதியது:

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிறுத்தும் அதிகாரம் என்பது ஆபத்தில்லாத அதிகாரம் என்பதுபோல் இங்கே பேசப்படுவதை ஏற்க முடியவில்லை. நான் சர்வர்களைப் பராமரிக்கும் பக்கத்தில் இருப்பவன். ஒரு சேவைக் கணக்கு நள்ளிரவில் வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டது என்று யாரோ அதை நிறுத்திவிட்டால், அதை நம்பியிருக்கும் தவணைப் பிடித்தக் கோப்பு வங்கிக்குப் போகாது. காலையில் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களுக்குத் தாமதக் கட்டணம் விழும். பாதுகாப்புக் கருவியே பெருங்கேட்டைச் செய்ய முடியும் என்பதற்கு 2024 ஜூலை 19 போதாதா? கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் ஒரு பிழையான புதுப்பிப்பு, மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்தது. ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும் முதல்நிலை ஆய்வாளர் ஒருவர் தன் ஊகத்தை நம்பி எதையும் நிறுத்தலாம் என்று விடுவது சரியன்று.

தவிர, கணக்கை முடக்கினால் எல்லாம் நின்றுவிடும் என்பதும் தவறு. ஏற்கெனவே வழங்கப்பட்ட கெர்பரோஸ் சீட்டு (சரிபார்த்த பின் தரப்படும் மின்னணு நுழைவுச் சீட்டு) இயல்பான அமைப்பில் பத்து மணி நேரம்வரை செல்லும். கணக்கை முடக்கியவுடன், ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வு தானாக அறுந்துவிடாது. மேகச் சேவைகளில் அமர்வு டோக்கனை (அங்கே அதே வேலையைச் செய்யும் சீட்டை) தனியாக ரத்து செய்ய வேண்டும். விபிஎன்னையும் கையால் துண்டிக்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் 'முடக்கிவிட்டேன்' என்று டிக்கெட்டை மூடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

---

நொய்யல்_லாக் எழுதியது:

ரூட்பாஸ்வேர்ட் அண்ணா சொல்லும் இரண்டும் நியாயம். நாங்கள் இதை ஒரு பக்க அளவில் எழுதி, துறைத் தலைவர்களின் கையொப்பத்தோடு வைத்திருக்கிறோம். தனிநபரின் கணக்கு, வெளி ஒப்பந்ததாரரின் கணக்கு, பயனர் மடிக்கணினியின் சுவிட்ச் போர்ட், விபிஎன் அமர்வு ஆகியவற்றை ஆய்வாளர் கேட்காமலே நிறுத்தலாம். நிறுத்திய பதினைந்து நிமிடத்துக்குள் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். சேவைக் கணக்கையும் சர்வரையும் தொடக் கூடாது. அவற்றுக்கு எந்த நேரத்திலும் அழைக்கக்கூடிய பெயர்கள் எதிரே எழுதப்பட்டிருக்கும். சேவைக் கணக்கில் ஐயம் வந்தால் கணக்கை விட்டுவிட்டு, அது வெளியே பேசும் பாதையை மட்டும் ஃபயர்வாலில் மூடலாம் என்று ஒரு நடுவழியும் உண்டு. தவணைக் கோப்பு போகும் முகவரி அனுமதிப் பட்டியலில் இருப்பதால் அது நிற்காது.

அந்தப் பக்கத்தை எழுதச் சில வாரம் சண்டை நடந்தது. எந்தச் சேவைக் கணக்கு எதற்கு என்று எவருக்குமே முழுதாகத் தெரியாது என்பது அந்தச் சண்டையில்தான் வெளிவந்தது. வேலையை விட்டுப் போன ஒருவரின் சொந்தக் கணக்கில் இரவுநேர அறிக்கை ஒன்று ஓடிக்கொண்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. அமர்வுகளை அறுக்கும் வரிசையை அண்ணா கூறியபடியே சேர்த்திருக்கிறோம்: முதலில் முடக்கம், பிறகு டோக்கன் ரத்து, பிறகு விபிஎன் துண்டிப்பு, கடைசியில் கடவுச்சொல் மாற்றம்.

---

தரமணி_இரவுநேரம் எழுதியது:

மிக்க நன்றி. வெள்ளவத்தை நண்பரின் கேள்விக்கு விடை: ஆம், 'முன்னுரிமை குறைவு' என்றுதான் இங்கே பதிந்திருப்போம். எங்கள் கருவிப் பட்டியலில் ஒரு சாதனம் எதற்காக இருக்கிறது என்று எழுத ஒரு நிரலே கிடையாது.

இரண்டாம் சுற்றில் நான் அவர்களிடம் கேட்கவிருப்பவை இவை. நிர்வாகிக் குழுவில் மாற்றம் நடந்தால் அந்த எச்சரிக்கை என்னைத் தவிர யாருக்குப் போகும், அவர் அதைப் படிக்கிறாரா? கணக்குத் திறக்கும் வேலையை உதவி மேசைக்கு மாற்றிவிட்டு நிறுத்தும் அதிகாரத்தை மட்டும் எனக்குத் தர இயலுமா? எதை நிறுத்தலாம், எதைத் தொடக் கூடாது என்று எழுத்தில் இருக்கிறதா, இல்லையென்றால் அதை எழுதுவதை என் முதல் வேலையாக ஏற்பார்களா? மறுஆய்வுக் கோப்பில் குழுக்களின் பெயரைப் புரியும்படி மாற்றி எழுதத் துறைகள் நேரம் ஒதுக்குமா? இவற்றுக்கு நேரான பதில் வந்தால் சேர்ந்துவிடுவேன். சம்பளத்தில் பெரிய வேறுபாடு இல்லை. இரவுப்பணி குறையும் என்பதும் ஒரு காரணம்தான், மறைக்கவில்லை.

---

ஏட்டுத்தணிக்கை எழுதியது:

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விலகுபவர் பட்டியல் மனிதவளத் துறையிலிருந்து உங்களுக்கு எப்போது வருகிறது என்று கேளுங்கள்: கடைசி நாளுக்கு முன்பா, சம்பளக் கணக்கை முடித்த பிறகா? பிறகு, அந்தப் பட்டியலில் ஒப்பந்த ஊழியர்கள் இருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் இருக்க மாட்டார்கள்; ஏனெனில் அவர்கள் மனிதவளத்தின் ஏட்டில் இல்லை, கொள்முதல் பிரிவின் பணியாணையில் இருக்கிறார்கள். பணியாணை முடியும் நாளையே கணக்கின் காலாவதி நாளாக டொமைனில் பதிந்துவிடும் வழக்கம் அங்கே இருந்தால், அது ஒழுங்கான இடம் என்று நானே சொல்வேன்.

---

தரமணி_இரவுநேரம் எழுதியது:

குறித்துக்கொண்டேன், ஐயா. வியாழக்கிழமை இரண்டாம் சுற்று. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன்.